பெண்கள் வாக்குரிமை வரலாறும் தமிழ் விக்கிப்பீடியாவும்: கொங்கு மண்டலக் கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் வட்டாரக் கல்லூரிகளில் வரலாறும் தமிழும் பயிலும் மாணவர்கள், பெண்கள் வாக்குரிமை பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் உள்ள கட்டுரைகளைத் திருத்தியும் விரித்தும் எழுதும் பயிற்சியில் ஈடுபடுகையில் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கணினி சார்ந்த ஐயங்களைவிட வரலாறு சார்ந்த ஐயங்களே இதில் மிகுதி. அதுவே சரியான வரிசை என்று கருதுகிறோம்.

வகுப்புக்கு ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதிக் கொடுத்தால் போதாதா? கலைக்களஞ்சியத்தில் ஏன் எழுத வேண்டும்?

வகுப்புக் கட்டுரையை ஆசிரியர் ஒருவர் படிக்கிறார். மதிப்பெண் இட்டதும் அது துறையின் அலமாரிக்குப் போய்விடுகிறது. கலைக்களஞ்சியக் கட்டுரையைக் கோபிசெட்டிபாளையத்துப் பள்ளி மாணவி நாளைக்கே படிக்கக்கூடும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. வகுப்புக் கட்டுரையில் ‘பெண்கள் நெடுங்காலம் போராடி உரிமை பெற்றனர்’ என்று எழுதினால் யாரும் தடுக்கமாட்டார்கள். விக்கிப்பீடியாவிலோ எந்தப் பெண்கள், எந்த ஆண்டு, எந்தச் சட்டம், அதை எந்த நூல் சொல்கிறது என்று முன்பின் அறியாத ஒருவர், கட்டுரையைப் பற்றி உரையாடுவதற்கான பேச்சுப் பக்கத்தில் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போவதுதான் வரலாற்றுப் பயிற்சி.

இந்தியப் பெண்களுக்கு எந்த ஆண்டு வாக்குரிமை கிடைத்தது?

ஒரே ஆண்டாகச் சொன்னால் அது பிழையாகிவிடும். ‘இந்தியாவில் பெண்களுக்கு 1950இல் வாக்குரிமை வழங்கப்பட்டது’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது என்ற அளவில் அது சரியே. ஆனால் அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னை மாகாணத்தில் பெண்களில் ஒரு சிறு பகுதியினர் வாக்காளர் ஆகிவிட்டனர் என்பது அந்த வாக்கியத்தில் மறைந்துபோகிறது.

நடந்தது இதுதான். 1917 மே மாதம் அடையாற்றில் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோரின் முயற்சியால் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைச் சந்தித்து, ஆண்களுக்கு வழங்கப்படும் அதே வாக்குரிமை பெண்களுக்கும் வேண்டும் என்று கேட்டது. வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழு, இந்தியச் சமூகச் சூழலில் அதற்குக் காலம் கனியவில்லை என்று கூறி மறுத்துவிட்டது. அதன் பிறகு ஹீராபாய் டாட்டாவும் அவருடைய மகள் மித்தனும் இலண்டன் வரை சென்று வாதாடினர். 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் நேரடியாக உரிமை தரவில்லை. பெண் என்பதற்காக விதிக்கப்பட்ட தடையை நீக்குவதா வேண்டாமா என்ற முடிவை மாகாணச் சட்டமன்றங்களிடமே விட்டது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை மாகாணம், நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில், 1921இல் அத்தடையை நீக்கியது.

தடை நீங்கியதால் எல்லாப் பெண்களும் வாக்களித்துவிடவில்லை. நிலவரி, நகராட்சி வரி போன்ற சொத்துத் தகுதிகள் ஆண்களுக்கு இருந்தவாறே பெண்களுக்கும் இருந்தன. சொத்து பெண் பெயரில் இருந்த வீடுகளோ மிகச் சில. சட்டமன்றத்தில் உறுப்பினராக அமரும் உரிமை பிறகுதான் வந்தது. 1926இல் கமலாதேவி சட்டோபாத்யாய் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டுக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றார். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக நுழைந்து 1927இல் அவையின் துணைத் தலைவரானார். 1935ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கும், தகுதியுள்ள ஆண்களின் மனைவியருக்கும் வழி திறந்ததால் நாடு முழுவதும் ஏறத்தாழ 60 இலட்சம் பெண்கள் வாக்காளராயினர். 1951-52 பொதுத்தேர்தலில் 21 வயது நிறைந்த அனைவரும் வாக்காளர் ஆனபோதும், தம் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டுமே பதிந்த சுமார் 28 இலட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் இடம்பெறாமல் போயின. இவர்களுள் பெரும்பாலோர் வட மாநிலத்தவர்.

ஆகவே அந்த வாக்கியத்தைப் பின்வருமாறு திருத்தலாம்: ‘சென்னை மாகாணத்தில் 1921இல் சொத்துத் தகுதி உடைய பெண்களும், 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுத்தறிவு, கணவரின் தகுதி ஆகியவற்றின் அடிப்படையில் மேலும் பலரும், 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின்படி வயதுவந்த அனைவரும் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றனர்.’ வாக்கியம் நீண்டுவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்கும் தனித்தனியே மேற்கோள் இடுங்கள்.

இதில் கொங்கு நாட்டுக்கு என்ன பங்கு? எல்லாம் சென்னையில்தானே நடந்தது?

திருச்செங்கோட்டுப் பக்கமுள்ள குமாரமங்கலத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஊர் ஜமீன்தாரும் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவருமான ப. சுப்பராயனைப் பலரும் அறிவர். அவருடைய மனைவி ராதாபாய் சுப்பராயன் மங்களூரில் பிறந்து இக்குடும்பத்துக்கு வந்தவர். 1930இல் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட இரண்டு இந்தியப் பெண்களுள் ஒருவர். மற்றவர் பேகம் ஜஹானாரா ஷாநவாஸ். யாருக்கு வாக்குரிமை தரலாம் என்று ஆராய்ந்த லோதியன் குழுவிலும் ராதாபாய் இடம்பெற்றிருந்தார். 1938இல் மத்திய மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அந்த அவைக்குத் தேர்தல் மூலம் சென்ற முதல் பெண் அவரே. அவருடைய மகள் பார்வதி கிருஷ்ணன் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் சார்பில் 1957இலும் 1977இலும் கோயம்புத்தூரின் மக்களவை உறுப்பினரானார். தாய் வாக்குரிமையின் எல்லை எது என்று வாதிட்டவர்; மகள் எல்லோருக்கும் வாக்கு வந்தபின் ஆலைத் தொழிலாளர் நிறைந்த நகரில் நின்று வென்றவர். வாக்குரிமை வரலாற்றின் இரண்டு தலைமுறைகளை ஒரே கொங்குக் குடும்பத்தில் பார்க்க முடிகிறது என்பதாலேயே இந்த இரு கட்டுரைகளையும் முதலில் எடுக்குமாறு சொல்கிறோம்.

இன்னொரு கோணமும் உண்டு. பருத்திக்காட்டிலும் மஞ்சள் காட்டிலும் ஆணுக்கு நிகராகப் பெண் பாடுபட்டாலும், காட்டின் பட்டா பெரும்பாலும் ஆண் பெயரிலேயே இருந்தது. சொத்தை அளவுகோலாக வைத்த வாக்குரிமை இங்கே யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. ஆயினும் அதற்கு அச்சான ஆய்வு நூலொன்றின் துணை கிடைத்த பிறகே கட்டுரையில் எழுத வேண்டும்.

பெண் ஆளுமைகளின் கட்டுரைகள் ‘இன்னாரின் மனைவி’ என்றே தொடங்குகின்றன. மாற்றலாமா?

மாற்றலாம், மாற்றவும் வேண்டும். கட்டுரையின் முதல் வாக்கியம் அவர் எதற்காக அறியப்படுகிறாரோ அதைச் சொல்ல வேண்டும். ராதாபாய் கட்டுரையில் வட்டமேசை மாநாடும் லோதியன் குழுவும் 1938 தேர்தலும் முதல் பத்தியில் வரட்டும். கணவர் முதலமைச்சராக இருந்ததையும், மகன்களுள் ஒருவர் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானதையும் ‘குடும்பம்’ என்ற பிரிவில் எழுதுங்கள். குடும்பத் தொடர்பை அறவே நீக்கிவிடுவதும் நேர்மையாகாது; ஜமீன் குடும்பத்தின் செல்வாக்கு அவருடைய பொதுவாழ்வுக்கு வழிவகுத்தது என்று ஆய்வாளர் ஒருவர் எழுதியிருந்தால் அதையும் சேர்க்கத்தான் வேண்டும்.

புதிய பக்கம் தொடங்கும் முன் பெயரை ‘ராதாபாய்’ என்றும் ‘இராதாபாய்’ என்றும் இரு வகையிலும் தேடிப் பாருங்கள். இந்த ஓரெழுத்தைக் கவனியாமல் ஒரே ஆளுக்கு இரண்டு கட்டுரைகள் உருவாவதுண்டு.

1921இல்தான் ஈரோட்டில் பெண்கள் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். அதே ஆண்டில்தான் சென்னைச் சட்டமன்றம் தடையை நீக்கியது. முதலாவதன் விளைவே இரண்டாவது என்று எழுதலாமா?

எழுதக்கூடாது. பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் ஈரோட்டில் மறியலில் இறங்கியது வரலாறு. சட்டமன்றத் தீர்மானமும் வரலாறு. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தன என்பதைத் தவிர, ஒன்று மற்றதற்குக் காரணம் என்பதற்கு நீங்கள் நூற்சான்று காட்ட வேண்டும். தனித்தனியே உண்மையான இரண்டு செய்திகளை அருகருகே வைத்து மூன்றாவதாக ஒரு முடிவை நாமே உண்டாக்குவதைத்தான் விக்கிப்பீடியா ‘சொந்த ஆய்வு’ என்று விலக்குகிறது. ஊர்ப்பற்று மிகுந்த மாணவர்கள் தடுமாறும் இடம் இது. ஈரோட்டின் பெருமைக்குச் சான்றுள்ள செய்திகளே நிறைய இருக்கின்றன: ‘குடி அரசு’ இதழ் 1925இல் அங்கேதான் தொடங்கியது, சுயமரியாதை இயக்கத்தின் இரண்டாவது மாகாண மாநாடு 1930 மே மாதம் அங்கேதான் கூடியது, ‘குடி அரசு’ தலையங்கம் ஒன்றுக்காகப் பெரியாருடன் அவருடைய தங்கை கண்ணம்மாளும் தண்டிக்கப்பட்டார். இவை பெண்களின் அரசியல் பங்கேற்பு பற்றிய கட்டுரைகளில் இடம்பெற வேண்டியவை. வாக்குரிமைக் கட்டுரைக்குள் வலிந்து நுழைக்க வேண்டியதில்லை.

மறியலை நிறுத்துவது ஈரோட்டில் உள்ள இரு பெண்களின் கையில்தான் இருக்கிறது என்று காந்தியடிகள் சொன்னதாக எல்லோரும் எழுதுகிறார்களே, அதைச் சேர்க்கலாமா?

மேடைகளிலும் மலர்களிலும் திரும்பத் திரும்ப வரும் செய்தி அது. ஆனால் ‘எல்லோரும் எழுதுகிறார்கள்’ என்பது சான்று ஆகாது. காந்தியடிகளின் தொகுப்பு நூல்களிலோ அக்கால நாளிதழிலோ அவருடைய சொற்களைத் தேடுங்கள். கிடைத்தால் நாள், இதழ், பக்கம் ஆகியவற்றோடு மேற்கோளாக இடலாம். கிடைக்காத வரையில், அதைச் சொல்லும் வரலாற்றாசிரியரின் பெயரைக் குறித்து, ‘என்று அவர் எழுதுகிறார்’ என்று அவர் பொறுப்பில் விடுங்கள். மேற்கோள் குறிக்குள் காந்தியடிகளின் வாயில் வைக்க வேண்டாம்.

“எங்க அப்பத்தா மொத எலெக்சன்லயே ஓட்டுப் போட்டுச்சுங்க. அதச் சொல்லி எழுதலாமுங்களா?”

பெருந்துறைப் பக்கத்து மாணவி ஒருவர் இப்படிக் கேட்டார். வேட்பாளருக்கு ஒரு பெட்டியாக வரிசையாக வைத்திருந்ததையும், சின்னம் ஒட்டிய பெட்டிக்குள் சீட்டை அப்படியே போட்டுவிட்டு வந்ததையும் அந்த மூதாட்டி நினைவில் வைத்திருந்தார். 1951-52 தேர்தலில் முறை உண்மையாகவே அதுதான்: வாக்குச்சீட்டில் முத்திரை குத்துவது இல்லை, ஒவ்வொரு வேட்பாளருக்கும் அவருடைய சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. எனவே அந்த நினைவு நம்பத்தக்கது, பொன்போல் போற்றத்தக்கது.

இருந்தாலும் கலைக்களஞ்சியத்தில் அதை மேற்கோளாக்க முடியாது; ஏனெனில் படிப்பவர் அதைச் சரிபார்க்க வழியில்லை. ஒப்புதல் பெற்று அவருடைய பேச்சைப் பதிவு செய்யுங்கள். அவர் சொல்லும் கொங்குத் தமிழிலேயே எழுத்தாக்கி, கல்லூரி ஆய்விதழிலோ வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பிலோ வெளியிடுங்கள். முறையாகத் தொகுக்கப்பட்டு வெளிவந்த பின்னர் வேறொருவர் அதை மேற்கோள் காட்ட இயலும். அப்பத்தாக்களும் அம்மிச்சிகளும் இருக்கும்போதே இந்தப் பதிவு வேலையைச் செய்துவிட வேண்டும். விக்கிப்பீடியாவுக்குப் பயன்படாது என்பதற்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

குல வரலாற்று மலர், குடமுழுக்கு மலர், முகநூல் பதிவு இவற்றை மேற்கோள் காட்டலாமா?

முகநூல் பதிவு கூடாது. மலர்கள் துப்புக்கு உதவும்: இந்தக் குடும்பத்துப் பெண்மணி நகராட்சி உறுப்பினராக இருந்தார் என்று மலர் சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டு பழைய நாளிதழையோ அரசிதழையோ தேடிப் போகலாம். புகழ்ந்து எழுதுவதற்காகவே வெளியிடப்பட்ட மலரை மட்டும் நம்பி ‘முதல் பெண்’ என்று எழுதிவிட வேண்டாம். தன் குடும்பத்தினரைப் பற்றித் தானே கட்டுரை எழுதுவதையும் தவிர்ப்பது நல்லது. பேச்சுப் பக்கத்தில் சான்றுகளை வைத்து மற்றவரை எழுதச் சொல்லலாம்.

நம்பத்தக்க சான்றுகள் எங்கே கிடைக்கும்?

அருகிலிருந்து தொடங்குங்கள். கல்லூரி நூலகம், மாவட்ட மைய நூலகம், இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகிய மூன்றையும் துழாவினாலே ஒரு பருவத்துக்குப் போதுமான நூல்கள் கிடைத்துவிடும். சென்னை செல்ல வாய்ப்பிருந்தால் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள், மாதர் சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மா’, ‘குடி அரசு’ போன்றவை அக்காலத்தவரே எழுதியவை. அவற்றைப் படிக்கும் இன்பம் தனி. ஆனால் ஓர் இயக்கத்தின் இதழ் அந்த இயக்கம் என்ன சொன்னது என்பதற்கே சான்று. நிகழ்ச்சியைப் பற்றிய முடிவான தீர்ப்புக்கு ஆய்வாளரின் நூல் வேண்டும்.

ஆங்கிலக் கட்டுரையை அப்படியே மொழிபெயர்க்கலாமா? செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தருவதை இடலாமா?

மொழிபெயர்க்க உரிமம் தடையில்லை. எந்தக் கட்டுரையிலிருந்து பெயர்த்தீர்கள் என்பதை, பக்கத்தைச் சேமிக்கும்போது எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் குறிப்பிட வேண்டும். ஆனால் ஆங்கிலக் கட்டுரை யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு, தெரியாததை விளக்கும். நமக்கு முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையைச் சேர்ந்தவர் என்றால் போதும். நியூசிலாந்தின் கேட் ஷெப்பர்டு யார் என்பதையே விளக்க வேண்டும். இயந்திரம் பெயர்த்ததை வரிக்கு வரி உரக்கப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுமாறும் இடத்தைத் திருத்தி எழுதுங்கள். செயலி எழுதித் தருவதை இட வேண்டாம். இல்லாத நூலுக்குப் பக்க எண்ணோடு மேற்கோள் தந்துவிடும். அதை நம்பி இட்டால் உங்கள் பெயரில்தான் பிழை நிற்கும்.

போராடியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தால் எப்படி எழுதுவது?

இருந்தது, அதுவே இவ்வரலாற்றின் வளமான பகுதி. 1930களின் தொடக்கத்தில் பெண்களுக்குச் சட்டமன்றங்களில் சில காலத்துக்காவது இடம் ஒதுக்க வேண்டும் என்று ராதாபாயும் ஷாநவாஸும் கேட்டனர். பெரிய மாதர் அமைப்புகளோ, தனிச்சலுகை வேண்டாம், வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கூட்டாகக் கோரின. முதல் தரப்பு, ஒதுக்கீடு இல்லாமல் பெண்கள் அவைக்குள் நுழையவே முடியாது என்று கருதியது. இரண்டாம் தரப்பு, ஒதுக்கீடு பெண்களைப் பிரித்து நிறுத்தும் என்று அஞ்சியது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் இறுதியில் பெண்களுக்குத் தனி இடங்களை ஒதுக்கியது; அனைவருக்குமான வாக்குரிமையைத் தரவில்லை. இதில் யார் சரி என்று கட்டுரை தீர்ப்புச் சொல்லக்கூடாது. இரு தரப்பின் காரணங்களையும் அவரவர் வலுவோடு எழுதுங்கள். 2023இல் நிறைவேறிய மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டுச் சட்டத்தைக் கொண்டு 1930இல் பேசியவர்களை எடைபோடுவதும் வேண்டாம்.

வேறு நாடுகளின் வாக்குரிமை பற்றி எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். 1893இல் நியூசிலாந்து, 1906இல் பின்லாந்து, 1931இல் இலங்கை, 1971இல் சுவிட்சர்லாந்து என்று தலைப்புகள் காத்திருக்கின்றன. சொத்து, கல்வித் தகுதிகள் இல்லாமல் இலங்கைப் பெண்கள் 1931இலேயே வாக்களித்தது தமிழ் வாசகர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தி.

கல்லூரிக் கணினி அறையில் எல்லோரும் ஒரே நாளில் கணக்குத் தொடங்க முடியவில்லையே, ஏன்?

ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க இயலாதவாறு கட்டுப்பாடு உள்ளது. பயிலரங்குக்கு முந்தைய நாளே அவரவர் கைப்பேசியில், சொந்த இணைப்பில், கணக்குத் தொடங்கிவிடச் சொல்லுங்கள். உண்மைப் பெயரைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. மாணவியர் புனைபெயர் வைத்துக்கொள்வதே நல்லது. முதல் முயற்சியை மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகலாம்.

நான் எழுதியதை ஒருவர் நீக்கிவிட்டார். என்ன செய்வது?

கட்டுரையின் திருத்தங்கள் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, நீக்கியவர் என்ன காரணம் எழுதியிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். ‘சான்று இல்லை’ என்றால் சான்றோடு மீண்டும் இடுங்கள். ‘பதிப்புரிமை மீறல்’ என்றால், நாளிதழிலிருந்தோ நூலிலிருந்தோ சொல் மாறாமல் எடுத்திருக்கிறீர்களா என்று சோதியுங்கள். எடுத்திருந்தால் அவர் செய்தது சரி. காரணம் விளங்காவிட்டால் பேச்சுப் பக்கத்தில் பணிவோடு கேளுங்கள். அங்கும் தீராவிட்டால் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்துக்குக் கொண்டுசெல்லலாம். அவர் நீக்க, நீங்கள் மீட்க என்று மாறி மாறிச் செய்துகொண்டிருந்தால் கணக்கு முடக்கப்படும்.

பழைய படங்களை ஏற்றலாமா?

நாளிதழிலோ இணையத்திலோ கண்ட படத்தை ஏற்றக்கூடாது. விக்கிப்பீடியாவுக்கான படங்களின் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகம் கட்டற்ற உரிமம் உள்ளவற்றையும் பதிப்புரிமைக் காலம் முடிந்தவற்றையும் மட்டுமே ஏற்கும். நீங்களே எடுத்த படம், எடுத்துக்காட்டாக ஊரிலுள்ள நினைவுக் கல்வெட்டு, மிகப் பயனுள்ளது.

ஆசிரியர்கள் எதற்கு மதிப்பெண் தரலாம்?

எத்தனை சொற்கள் எழுதினார் என்பதற்குத் தர வேண்டாம். தந்தால் பெயர்த்து நிரப்பிவிடுவார்கள். தவறான ஓர் ஆண்டைக் கண்டுபிடித்து, மூன்று நூல்களை ஒப்பிட்டு, ஒரே வரியைத் திருத்திய மாணவருக்கு முழு மதிப்பெண் தரலாம். அவருடைய பங்களிப்புகள் பக்கத்தில் ஒவ்வொரு திருத்தமும் நாள், நேரத்தோடு பதிவாகியிருக்கும். பேச்சுப் பக்கத்தில் அவர் எழுப்பிய கேள்விகளும் அளித்த விடைகளும் இருக்கும். வாய்மொழித் தேர்வில் அவற்றைத் திரையில் காட்டி, இந்தச் சான்றை ஏன் ஏற்றீர், அந்தச் சான்றை ஏன் விட்டீர் என்று கேளுங்கள்.